மேண்டில் வெளிச்சமும் மணவாளக்குறிச்சி மணலும்

(மயிலத்தில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"உலக அரசியலும் கனிமச் செல்வமும்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சேரிப் பிள்ளைகளின் கல்விக்காக நடத்தப்படும் விழாவில் இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். முதலில் நானும் அவ்வாறே எண்ணினேன். ஆழ்ந்து நோக்கியபோது, இந்த மன்றத்தில் பேசவேண்டிய பொருள்களுள் இதுவும் ஒன்று என்ற முடிவுக்கு வந்தேன். அதற்கான காரணத்தை நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

தலையில் சுமந்த விளக்கு

இங்கு அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு நினைவிருக்கும். மின்சாரம் வராத காலத்தில் கல்யாண ஊர்வலமாயினும், தெருக்கூத்தாயினும், பங்குனி உத்திரத்துச் சாமி புறப்பாடாயினும் அந்த விளக்கு இல்லாமல் நடவாது. அதைத் தலையில் சுமந்து சென்றவர்கள் யார்? சும்மாட்டின்மேல் விளக்கை ஏற்றி, கழுத்து வலிக்க இரவெல்லாம் நடந்தவர்கள் நம் பாட்டனார்களே. வெளிச்சம் ஊருக்குக் கிடைத்தது. சூடும் மண்ணெண்ணெய் நாற்றமும் நமக்குக் கிடைத்தன.

அந்த விளக்கின் நடுவே சிறிய துணிக்கூடு ஒன்று தொங்கும். அதை மேண்டில் என்பர். முதன்முறை பற்றவைக்கும்போது துணி எரிந்து வெண்சாம்பல் கூடு மட்டும் எஞ்சும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் அக்கூடுதான் கண் கூசும் வெளிச்சத்தைத் தருவது. அந்தச் சாம்பல் வெறும் சாம்பல் அன்று. தோரியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடு அது. தோரிய உப்பில் தோய்த்த துணியாதலால், துணி எரிந்தபின் தோரியம் நிற்கிறது.

இந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிச் செல்வோமாயின் ஜெர்மனிக்குச் சென்று, மீண்டும் நம் தமிழ் மண்ணுக்கே திரும்பி வந்து நிற்போம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைதான் அந்த இடம்.

கயிற்றில் ஒட்டிய மணல்

ஆஸ்திரியா நாட்டு வேதியியலறிஞர் அவுயர் வான் வெல்ஸ்பாக் என்பவர் 1885-இல் வாயு விளக்குக்கான மேண்டிலைக் கண்டுபிடித்தார். 1891-இல் அதைச் செம்மைப்படுத்தி, 99 பங்கு தோரியமும் 1 பங்கு சீரியமும் கலந்தால் நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்று காட்டினார். அதன் பிறகு ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் மேண்டில் விளக்கால் ஒளிர்ந்தன. தோரியம் தரும் மோனசைட் மணல் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. அதைப் பதப்படுத்தும் தொழில் ஜெர்மானியர் கையில் இருந்தது.

அக்காலத்தில் திருவிதாங்கூரிலிருந்து தென்னங்கயிறு ஜெர்மனிக்கு ஏற்றுமதியாயிற்று. அக்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கலந்திருப்பதைக் கண்ட ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர், அதன் தடத்தைப் பற்றி வந்து 1909-இல் மணவாளக்குறிச்சியில் அதைக் கண்டுபிடித்தார். அடுத்து அங்கே மணலைப் பிரிக்கும் ஆலையும் எழுந்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் அவர் ஜெர்மானிய ஒற்றர் எனக் கைது செய்யப்பட்டார். ஆலை லண்டன் கம்பெனி ஒன்றின் வசமாயிற்று.

அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். அந்த மணலைக் கடல் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் நடந்தவர்களும், அதில் வலை உலர்த்தியவர்களும், கயிறு திரித்தவர்களும் அங்கேயே இருந்தனர். அதன் மதிப்பை முதலில் அறிந்தவர் கடல் கடந்து வாழ்ந்த ஒருவர். அறிந்தவுடன் அது அவருடையதாயிற்று. அவரைச் சிறைப்படுத்திய அரசின் நாட்டவர் அடுத்து அதை எடுத்துக்கொண்டனர். மணலின்மேல் நடந்தவனிடம் யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு நிகழ்ச்சியைப் புரிந்துகொண்டால், இன்று உலக நாடுகள் கனிமங்களுக்காக நடத்தும் போட்டியின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கோதுமைக்கு விலையாகக் கேட்ட மணல்

மின்விளக்கு வந்தபின் மேண்டிலின் தேவை குறைந்தது. மோனசைட்டை மறந்து, அதே மணலிலுள்ள இல்மனைட் என்னும் கனிமத்தைத் தேடினர். வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வேண்டிய டைட்டேனியம் அதிலிருந்து கிடைத்தது. 1945-இல் அணுகுண்டு வெடித்ததும் மீண்டும் தோரியத்தின்மேல் உலகின் கண் விழுந்தது. தோரியத்தை அணு எரிபொருளாக மாற்ற இயலும் என்பதே காரணம். 1946-இல் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. விடுதலைக்கு முந்திய ஆண்டுகளில் தனிநாடாக நிற்க விரும்பிய திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு இந்த மணல் ஒரு துருப்புச் சீட்டாக விளங்கியது. பிரிட்டிஷ் அரசுடன் அது தனியே பேச்சு நடத்தவும் செய்தது.

நாடு விடுதலை பெற்றபின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1950-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். நேரு அரசு அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. கோதுமைக்கு ஈடாக மோனசைட்டைத் தரவேண்டும் என்று அங்கே குரல் எழுந்தது. அணுப்பொருளை அவ்வாறு பண்டமாற்றாகத் தர இயலாது என்று நேரு மறுத்தார். 1951 ஜூனில் 19 கோடி டாலர் கடனாகத்தான் அக்கோதுமை வந்தது. பட்டினி கிடந்தவர்களில் நம் மக்களே மிகுதி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவர்களுடைய ஒரு வேளைக் கஞ்சிக்கும் மணவாளக்குறிச்சி மணலுக்கும் இடையே வாஷிங்டனில் பேரம் நடந்தது என்ற செய்தி அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1950 ஆகஸ்டில் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952 டிசம்பரில் ஆலுவாயில் அதன் வேதி ஆலையை நேரு திறந்துவைத்தார். 1953-இல் அந்நிறுவனம் ஏறத்தாழ ஒரு டன் தோரியம் நைட்ரேட்டைச் சீனாவுக்கு விற்றது. போலந்து நாட்டுக் கப்பல் ஒன்றில் அது சென்றது. பொதுவுடைமை நாடுகளுக்கு இத்தகைய பொருளை விற்கும் நாட்டுக்கு உதவி நிறுத்தப்படும் என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி, இந்தியாவுக்கான உதவியையே நிறுத்தும் நிலை எழுந்து, நீண்ட பேச்சுக்குப் பின் தணிந்தது. ஒரு டன் உப்பு மூன்று நாடுகளை அசைத்தது. பிறகு 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, அந்த மணலும் நம்மோடு இணைந்தது.

இன்றியமையாக் கனிமம் என்றால் என்ன?

எந்தக் கனிமம் இல்லையேல் தொழிலும் பாதுகாப்பும் முடங்குமோ, எது ஓரிரு நாடுகளின் கையில் மட்டும் இருக்கின்றதோ, அதையே இன்று முக்கியக் கனிமம் என்று அரசுகள் குறிக்கின்றன. இந்திய அரசு 2023-இல் இத்தகைய 30 கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. மின்கலத்துக்கு லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட். காந்தத்துக்கு அருமண் தனிமங்கள். கடும் எஃகுக்கு டங்ஸ்டன், மாலிப்டினம். இவற்றுள் கிராஃபைட் நம் சிவகங்கையில் உண்டு. மாலிப்டினம் அரூர், ஊத்தங்கரைப் பகுதியில் உண்டு. டங்ஸ்டன் மதுரை மேலூருக்கு அருகே உண்டு. அருமண் தனிமங்கள் மோனசைட் மணலில் உண்டு. மேண்டிலுக்குத் தோரியம் எடுத்தபோது ஒதுக்கித் தள்ளப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த அருமண்களே. அன்று பக்கப்பொருளாக இருந்தது இன்று முதற்பொருளாகிவிட்டது.

அருமண் என்ற பெயரைக் கேட்டு ஏமாறவேண்டா. மொத்தம் 17 தனிமங்கள். அவற்றுள் சீரியம் என்பது பூமியில் ஏறத்தாழச் செம்பைப் போல அவ்வளவு கிடைக்கிறது. மண்ணில் இருப்பது அரிதன்று; ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதுதான் அரிது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளைப் போல அவை குணத்தால் ஒத்திருக்கும்.

முதலில் கடல் மணலை நீரோட்டத்தில் சுழலவிட்டு, எடை மிகுந்த மணலைத் தனியே எடுப்பர். பின் காந்தத்தாலும் மின்னழுத்தத்தாலும் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் என்று வகைபிரிப்பர். மோனசைட்டைக் காரத்தில் வேகவைத்துத் தோரியத்தை நீக்குவர். எஞ்சிய கலவையை அமிலத்தில் கரைத்து, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தோடு தொட்டி தொட்டியாகக் கலக்கிப் பிரிப்பர். ஒரு தொட்டியில் பிரிவது சிறிதளவே. ஆதலால் நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாக வைத்து மீண்டும் மீண்டும் கலக்கவேண்டும். இவ்வாறு கிடைத்த ஆக்சைடை உலோகமாக்கி, உலோகத்தைக் கலவையாக்கி, பொடித்து, அழுத்தி, சுட்டுக் காந்தமாக்கவேண்டும். இந்தப் படிகளின் தொடரையே வழங்கல் சங்கிலி என்கிறார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி நம்மிடம் இல்லையென்றால், மற்றக் கண்ணிகள் இருந்தும் பயனில்லை.

கண்ணி யார் கையில்?

ஒரு காலத்தில் இச்சங்கிலி அமெரிக்காவிடம் இருந்தது. வண்ணத் தொலைக்காட்சியில் சிவப்பு நிறம் தந்த யூரோப்பியம் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்திலிருந்து வந்தது. 1980-களிலிருந்து சீனா மலிவாகத் தோண்டி, மலிவாகப் பிரித்து, மெல்ல மெல்லப் போட்டியாளர்களை முடக்கியது. 2002-இல் மவுண்டன் பாஸில் சுரங்க வேலை நின்றது. 2004 வாக்கில் இந்தியாவும் அருமண் பிரிப்பதைக் கட்டுப்படியாகாது என்று நிறுத்திவிட்டது. பல ஆண்டுகள் கழித்தே ஒடிசாவில் புதிய ஆலையைத் தொடங்கியது. சீனா இதை இலவசமாகப் பெற்றுவிடவில்லை. அமிலக் கழிவால் அங்கே நிலங்களும் ஆறுகளும் கெட்டன. ஆயினும் அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் இளைஞர்களுக்கு அக்கலையைக் கற்றுக்கொடுத்தது. இன்று உலகின் அருமண் பிரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதன் கையில் இருப்பதற்கு மண் மட்டும் காரணமன்று. அந்தப் படிப்பும் காரணம்.

2010-இல் ஜப்பானோடு கடற்பிணக்கு ஏற்பட்டபோது சீனாவிலிருந்து அருமண் செல்வது தடைப்பட்டது. 2025 ஏப்ரலில், அமெரிக்காவின் வரிப்போருக்கு எதிராக, ஏழு அருமண்களுக்கும் அவற்றால் ஆகும் காந்தங்களுக்கும் உரிமம் வேண்டும் என்று சீனா விதித்தது. அக்டோபரில் மேலும் இறுக்கியது. பின்னர் அமெரிக்காவோடு ஏற்பட்ட உடன்பாட்டால் அந்தப் புதிய கட்டுகளை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. பீரங்கி முழங்காமலே நடக்கும் போர் இது.

இப்போர் நம்மைத் தொடவில்லை என்று எண்ணாதீர்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கின்றன. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அத்தகைய தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராகப் போகின்றனர். ஸ்கூட்டரின் மோட்டாருக்குக் காந்தம் வேண்டும். அதில் நியோடிமியம் வேண்டும். சூட்டைத் தாங்க டிஸ்ப்ரோசியம் வேண்டும். 2025-இன் நடுவில் காந்தம் வராமல் இந்தியாவில் சில நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. உற்பத்தி குறையும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவன் ஒப்பந்தத் தொழிலாளியே.

நம்மிடம் மண் இல்லையா? இந்தியாவில் 1 கோடியே 31 லட்சம் டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அணுக் கனிமத் துறை கணித்துள்ளது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டில். அருமண் இருப்பில் உலகின் முன்வரிசை நாடுகளுள் நாமும் ஒன்று. ஆயின் 2024-இல் உலகம் எடுத்த அருமண் ஏறத்தாழ 3,90,000 டன். சீனா எடுத்தது 2,70,000 டன். இந்தியா எடுத்தது 2,900 டன். நூற்றில் ஒன்றுகூட இல்லை. காந்தம் செய்யும் இறுதிப் படியில் நாம் இன்னும் வாங்குபவர்களே. 2025 ஜனவரியில் முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்தையும், அதே ஆண்டு நவம்பரில் காந்த ஆலைகளுக்கென 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தையும் ஒன்றிய அரசு அறிவித்தது. காலம் தாழ்ந்தாலும் வேண்டிய செயலே. ஆனால் பணம் ஒதுக்கினால் ஆலை எழும். அதை இயக்கும் கைகளை யார் உருவாக்குவது?

இந்தோனேசியா 2020-இல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. எங்கள் மண்ணிலேயே உருக்குங்கள் என்றது. ஆலைகள் எழுந்தன, வேலையும் வந்தது. ஆயினும் அவற்றுள் பலவற்றின் முதலும் தொழில்நுட்பமும் சீனாவுடையவை. கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, உள்ளே இருப்பவனுக்குத் தொழில் தெரியவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

கேட்கப்படும் குரலும் கேட்கப்படாத குரலும்

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் அள்ளத் திட்டமிட்டு, 2024 அக்டோபர் 1-ஆம் நாள் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வைக்கப்பட்டிருந்தது. கடற்கரை மக்களின் கடும் எதிர்ப்பால் அது தள்ளிவைக்கப்பட்டது. கடலரிப்பும் கதிரியக்கமும் அவர்களுடைய அச்சம். இதில் உண்மையை உண்மையாகச் சொல்லவேண்டும். மோனசைட் உள்ள கரையில் இயற்கையாகவே கதிரியக்கம் மிகுதி. கேரளத்துக் கருநாகப்பள்ளிப் பகுதியில் நடந்த நீண்ட கால ஆய்வு, அதனால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்று 2009-இல் அறிவித்தது. ஆயினும் தோண்டிப் பிரிப்பது வேறு, இயற்கையில் கிடப்பது வேறு. தங்கள் ஊருக்கென்று ஓர் ஆய்வை வெளிப்படையாக நடத்திக் காட்டுங்கள் என்று அம்மக்கள் கேட்பதில் தவறில்லை.

மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. அரிட்டாபட்டி முதலிய ஊர்களின் மக்கள் திரண்டனர். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. மக்கள் வாய் திறந்தால் கேட்கப்படும் என்பதற்கு இது சான்று.

ஆயின் 2025 செப்டம்பர் 8-ஆம் நாள், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்து உத்தரவிட்டது. நாட்டின் பாதுகாப்பு அதற்குக் கூறப்பட்ட காரணம். தமிழ்நாடு அரசு இதைத் திரும்பப் பெறக் கோரியது. நான் சுரங்கமே வேண்டா என்று சொல்பவன் அல்லன். காந்தம் வேண்டும், மின்கலம் வேண்டும், அதற்குக் கனிமம் வேண்டும். ஆனால், நாட்டுக்குத் தேவை என்பதற்காக ஊரைக் கேளாதே என்பது நமக்குப் பழக்கமான பேச்சு. ஊர்ப் பொதுவில் ஒரு முடிவெடுத்துவிட்டுச் சேரிக்குச் சொல்லி அனுப்பும் வழக்கத்தை நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள். கேட்கப்படாமை என்றால் என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்?

கருத்துக்கேட்பு நடக்கும் இடத்திலும் நம் குரல் எளிதில் எழுவதில்லை. பட்டா உள்ளவன் எழுந்து இழப்பீடு கேட்கிறான். அந்த நிலத்தில் அறுப்பறுத்துப் பிழைத்தவனுக்கு எதைக் காட்டிக் கேட்பதென்று தெரிவதில்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் நம்முள் எத்தனை பேர்?

காக்காப்பொன்னும் அண்ணல் அம்பேத்கரும்

இந்த இடத்தில் நம் வழிகாட்டியின் செயல் ஒன்றை நினைவுகூர விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரில் உலகம் தேடிய முக்கியக் கனிமங்களுள் ஒன்று மைக்கா. நாம் காக்காப்பொன் என்போமே, அதுதான். வானொலிக் கருவிக்கும் விமான எஞ்சினுக்கும் அது இல்லாமல் முடியாது. உலகின் நல்ல மைக்காத் தகடுகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து சென்றது. பீகாரின் கோடர்மாவும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரும் அதன் இருப்பிடங்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் இணைந்து அதை வாங்குவதற்கென்றே ஒரு குழுவை இங்கு அமைத்திருந்தன. இன்று அருமண் எப்படியோ, அன்று மைக்கா அப்படி.

அந்தத் தகட்டை இதழ் இதழாகப் பிரித்தவர்கள் பெண்களும் சிறுவர்களும். இயந்திரத்தால் செய்ய முடியாத நுண்மையான வேலையை விரலால் செய்தார்கள். கூலி சொற்பம்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையின் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அவரே இறங்கிப் பார்த்தார். 1944-இல் நிலக்கரித் தொழிலாளர் நல நிதி அமைந்தது. 1946-இல் மைக்காச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான மசோதாவை மத்தியச் சட்டசபையில் அவர் கொண்டுவந்தார், அது சட்டமாயிற்று. ஏற்றுமதியாகும் மைக்காவின் மதிப்பில் ஒரு சிறு பங்கைத் தீர்வையாகப் பிரித்து, அதைத் தோண்டியவர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் செலவிடவேண்டும் என்பது அதன் உட்கருத்து.

போர்க்காலத்தில் எல்லாரும் மைக்கா எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தனர். எடுப்பவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர் நம் தலைவர். அமெரிக்காவின் பட்டியலிலும் சீனாவின் பட்டியலிலும் இந்தியாவின் பட்டியலிலும் கனிமங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. காங்கோ நாட்டில் கோபால்ட்டைக் கையால் தோண்டுகிறவனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அண்ணல் தொடங்கிவைத்த கேள்வியைத் தொடர்ந்து கேட்பதே நம் வேலை.

நாம் செய்யவேண்டுவன

மயிலத்தையும் திண்டிவனத்தையும் சுற்றிக் கல்குவாரிகளும் கிரஷர்களும் பெருகியிருப்பதை நாள்தோறும் காண்கிறீர்கள். நம் தாய்மார்கள் சாலையோரம் அமர்ந்து சுத்தியலால் ஜல்லி உடைத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இன்று இயந்திரம் உடைக்கிறது. தூசி மட்டும் நம் பக்கம் வருகிறது. இக்கல் முக்கியக் கனிமம் அன்று. ஆயினும் நியாயம் ஒன்றே. 2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை நிதி ஏற்பட்டது. குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் தொகையோடு ஒரு பங்கை இந்நிதிக்கும் செலுத்தவேண்டும். தமிழ்நாட்டில் கல்குவாரிகளும் இதில் அடங்கும். குடிநீர், உடல்நலம், கல்வி ஆகியவை இந்நிதியின் முதன்மைச் செலவினங்கள். மைக்கா நிதியில் அண்ணல் வகுத்த நெறியின் வழித்தோன்றலே இது. நம் ஊர்க் குவாரிகளிலிருந்து எவ்வளவு சேர்ந்தது, எங்கே செலவாயிற்று என்று தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதிக் கேட்கலாம். கேட்டீர்களா?

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, வேதியியலையும் உலோகவியலையும் அஞ்சாது கற்றுக்கொள்ளுங்கள். எல்லாரும் கணினி நோக்கி ஓடும் காலத்தில் இத்துறையில் ஆள் குறைவு. திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியிலிருந்து தொடங்கலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் சென்றால் கல்பாக்கம் வெகு தொலைவில் இல்லை. அங்கே நடக்கும் அணு ஆய்வின் தொலைநோக்கு, ஹோமி பாபா வகுத்த மூன்றாம் கட்டமாகிய அதே தோரியத்தைப் பயன்படுத்துவதே. அந்த ஆய்வகங்களின் வாயிற்காவலராக மட்டும் அன்றி, உள்ளே தொட்டி அருகில் நின்று பிரிப்பவராகவும் நம் பிள்ளைகள் செல்லவேண்டும்.

இரண்டாவது, சட்டத்தைப் படியுங்கள். பெரிய குவாரிகளுக்கும் ஒரே இடத்தில் கூடியுள்ள குவாரித் தொகுதிகளுக்கும் கருத்துக்கேட்பு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்து, எழுத்திலே கருத்தைக் கொடுங்கள். எழுத்து நிற்கும்.

மூன்றாவது, கிராம சபைக்குச் செல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் அது கூடுகிறது. அங்கே பின்வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்காக இச்சங்கம் உங்களுக்கு எழுத்துக் கற்றுத்தரவில்லை. கனிம நிதியிலிருந்து நம் தெருப் பள்ளிக்கு ஒரு சோதனைக்கூடம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அடுத்த விழாவில் அத்தீர்மானத்தின் நகலை இம்மேடையில் ஒருவர் படித்தாரானால், அதைவிட எனக்குப் பெரிய மாலை வேண்டா.

பெரியோர்களே, நம் பாட்டனார் தலையில் சுமந்த விளக்கின் வெளிச்சம், தென்கோடிக் கரையின் மணலில் பிறந்தது. அதை அவர் அறியார். அறியாதது அவர் குற்றமன்று, அறியவிடாமல் வைத்திருந்தார்கள். 25 ஆண்டுகளாக இச்சங்கம் ஏற்றிவைத்த விளக்கின்கீழ் அமர்ந்து படித்த நீங்கள் அந்தக் காரணத்தைச் சொல்ல இயலாது. மண்ணை அறியுங்கள், பிரிக்கும் கலையைக் கற்றுக்கொள்ளுங்கள், பங்கைக் கேளுங்கள்.

 ஜெய் பீம்.